தென்பெண்ணை காஸ்டிங்ஸுக்கு ஓர் எடை அட்டை

பாப்பிரெட்டிப்பட்டி நர்சம்மா இசபெல்லாவிடம் திட்டு வாங்காத தாய் அந்த வட்டாரத்தில் இல்லை. ஒரு மாதம் குழந்தையின் எடை ஏறாமல் நின்றால் போதும், அம்மாவை உட்கார வைத்து ஒரு பிடி பிடிப்பாள். "கம்பும் ராகியும் வூட்ல இருக்குது, புள்ளைக்கு மட்டும் வர்க்கிய நனைச்சு ஊட்டுவீங்களா?" என்று கேட்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். கேள்வி கேட்பது அவளுக்குத் திட்டும் வழிகளில் ஒன்று. தெரியாததை இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அவளுக்குக் கிடையவே கிடையாது.

அவளிடம் கட்டுக்கட்டாக எடை அட்டைகள் இருந்தன. கீழே மாதத்துக்கு ஒரு கட்டம், ஐந்து வயது வரைக்கும் அறுபது கட்டம், பக்கவாட்டில் கிலோ. மாதாமாதம் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்க்க வேண்டும். கோடு ஏறினால் பிள்ளை தேறும், இறங்கினால் ஆஸ்பத்திரி. பதினாலு வருடமாக இந்த ஒரு பாடத்தைத்தான் அவள் ஊருக்குச் சொல்லிவந்தாள்.

அந்த அட்டைகளில் ஒன்று மட்டும் வீட்டுச் சுவரில், மாதாவின் படத்துக்குக் கீழே தொங்கியது. குழந்தையின் பெயர்: தென்பெண்ணை காஸ்டிங்ஸ். தகப்பன் பெயர்: சின்னப்பன். சின்னப்பன் அவள் புருஷன். ஓசூரில் அந்தக் கம்பெனியில் ஃபிட்டர். சனிக்கிழமை வந்து ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவான். கம்பெனி பங்கு வெளியிட்டபோது தொழிலாளிகளுக்கும் பத்து ரூபாய் விலையில் கொடுத்தார்கள். சின்னப்பன் நூறு பங்கு வாங்கி, பொண்டாட்டி பேருக்கே எழுதிவிட்டான். அன்றிலிருந்து அது அவள் வளர்க்கும் பிள்ளையாகிவிட்டது. சுகாதார நிலையத்து டாக்டருக்கு வரும் ஆங்கிலப் பேப்பரை வியாழக்கிழமைதோறும் வாங்கி, பொடி எழுத்தில் போட்டிருக்கும் விலையைத் தேடிப் பிடித்துப் புள்ளி வைப்பாள். மாதத்துக்குப் பதில் வாரம்; ஒரு கிலோவுக்கு ஐந்து ரூபாய் கணக்கு. பதினாலில் தொடங்கிய கோடு, எண்பத்தைந்தாம் வருடம் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் பிறந்தபோது தொண்ணூற்றிரண்டில் நின்றது. அப்படி ஒரு பிள்ளை சித்தேரி மலையிலும் கிடையாது, கீழே சமவெளியிலும் கிடையாது.

இவ்வளவும் எதற்கு என்றால், ஒரு கதவுக்காக. இசபெல்லா அந்த ஊரில் எட்டு வாடகை வீடு மாறியிருந்தாள். பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. ஆட்கள் வந்து கதவை இடிப்பார்கள். வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடும். ஆறு மாதம் பொறுத்துவிட்டு, "எங்க மாமியார் வூட்லேர்ந்து வராங்க, காலி பண்ணிக்குங்க" என்பார். யார் இடித்தாலும் யாரும் முகம் சுளிக்காத ஒரு சொந்தக் கதவு வேண்டும் அவளுக்கு. கோயில் தெருவில் மஞ்சள் மண்டி மாதேஸ்வரனுக்கு ஐந்து சென்ட் மனை இருந்தது. ஈஸ்டர் வரைக்கும் வேறு யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். நூறு பங்கையும் விற்றால் அந்த மனைக்குச் சரியாக வரும்.

அடுத்த வியாழக்கிழமை பேப்பரைப் பிரித்தால், நாற்பத்தேழு என்று போட்டிருந்தது.

இசபெல்லா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மேல் வரியையும் கீழ் வரியையும் பார்த்தாள். நாற்பத்தேழேதான். பக்கத்தில் கடுகு போல இரண்டு ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தது. அச்சில் மை சிந்திவிட்டது என்று விட்டுவிட்டாள். பதினெட்டுக் கிலோப் பிள்ளை ஒரே வாரத்தில் ஒன்பது கிலோ ஆனதை அவள் எந்த ஊரிலும் கண்டதில்லை. கண்டிருந்தால் ஜீப்பை மறித்துத் தர்மபுரிக்கு அனுப்பியிருப்பாள். கம்பெனியை எந்த ஜீப்பில் ஏற்றுவது?

சனிக்கிழமை சின்னப்பன் கையில் ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"கம்பெனி எப்படிங்க இருக்குது?"

"எப்படி இருக்கும்? மூணு ஷிப்டும் ஓடுது. எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாங்க."

"எதுக்குக் குடுத்தாங்க?"

"குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். ஏன்னு கேக்க நான் என்ன மேனேஜரா?"

அட்டையைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள். சின்னப்பன் நெடுநேரம் பார்த்தான். அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஓவர்டைம் உண்டு, புது மிஷின் வந்திருக்கிறது, லாரிகள் வரிசையில் நிற்கின்றன; ஆனாலும் பேப்பரில் பாதி.

"உங்க கம்பெனி செத்துக்கிட்டு இருக்குது. நீங்க லட்டு தின்னுட்டு வரீங்க."

"நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன்."

"நானும் கண்ணாலதான் பாத்தேன்."

மறுநாள் பூசை முடிந்ததும் இசபெல்லா நேரே மாதேஸ்வரன் மண்டிக்குப் போனாள்.

"ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்குதுங்களே நர்சம்மா. பொறுத்துப் பாருங்க."

"இல்லீங்க. வராத காசை நம்பி உங்களைக் காக்க வெக்கறது நல்லா இல்லை. வேற ஆள் கேட்டா குடுத்துருங்க."

சொல்லும்போது குரல் பிசகவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

போன பிள்ளைக்கு என்ன நோய் என்றாவது தெரிய வேண்டாமா? டாக்டரின் பழைய பேப்பர்கள் மருந்து அறையில் இரண்டு வருடத்துக்குக் கட்டிக் கிடந்தன. மத்தியானங்களில் அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட கம்பெனிகளுக்கெல்லாம் அட்டை போடத் தொடங்கினாள். குழப்பம் கூடியதுதான் மிச்சம். எத்தனையோ கம்பெனிகள் ஒரே வாரத்தில் பாதியாகியிருந்தன. அவற்றில் சில ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஏறின. சில படுத்தது படுத்ததுதான். எது பிழைக்கும், எது போகும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல இங்கே முகமும் இல்லை. மலேரியா மாத்திரை கேட்டு வந்தவருக்கு இருமல் மருந்தைக் கொடுத்தனுப்பினாள்.

அப்படித் தலை கிறுகிறுத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், போஸ்ட்மேன் மாதையன் அங்கேயே தேடி வந்து, "ரிஜிஸ்டர் தபாலுங்க, மெட்ராஸ்லேர்ந்து" என்றார்.

இசபெல்லா நிமிரவே இல்லை. "திருப்பி அனுப்பிருங்க."

அது அந்த வீட்டுச் சட்டம். சின்னப்பனின் அண்ணன் அல்போன்ஸ், மேட்டுக்காட்டுப் பாகத்துக்காக மூன்று வருடமாக வக்கீல் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினால்தானே வழக்கு? சட்டம் போட்டது இசபெல்லாதான். தர்மபுரி வக்கீல் போய் இப்போது மெட்ராஸ் வக்கீலா என்று ஒரு வசவு வேறு வைத்தாள். மாதையன் வழக்கம்போல 'வாங்க மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு போனார்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்திய குருத்து ஞாயிறு கழிந்த மறுநாள் சித்தேரிக்கு முறை. பஸ்ஸில் ஏறிப் போய், பிரசவித்து ஒரு வாரம் ஆகியிருந்த குள்ளம்மாளை எடை பார்க்கும் மிஷினில் ஏற்றினாள். போன மாத எடைக்கு ஏழு கிலோ குறைவு. எழுதிக்கொண்டிருக்கையில் குள்ளம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க நர்சம்மா, ஏழு கிலோ எங்க போச்சுங்க?"

"எங்க போவும்? பாதி தொட்டில்ல கெடக்குது பாரு. மிச்சம் தண்ணியும் ரத்தமும்."

சொன்னவளின் பேனா நின்றது. குள்ளம்மாள் நன்றாகத்தான் இருந்தாள். களி தின்றுவிட்டு வெற்றிலை போட்டிருந்தாள். எடை இறங்கியவர்களெல்லாம் நோயாளி இல்லை. அப்படியானால் தென்பெண்ணை காஸ்டிங்ஸ் எதைப் பெற்றது? பெற்றது எந்தத் தொட்டிலில் கிடக்கிறது?

கீழே இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. மருந்து அறையில் விளக்கைப் போட்டுப் பழைய பேப்பர்களை மறுபடி எடுத்தாள். பாதியான கம்பெனிகளை இரண்டு கட்டாகப் பிரித்தாள்: மறுபடி ஏறியவை ஒரு பக்கம், படுத்தவை இன்னொரு பக்கம். ஏறியவை எல்லாவற்றுக்கும், பாதியான வாரத்தில், விலைக்குப் பக்கத்தில் அந்த இரண்டு கடுகெழுத்து இருந்தது. படுத்தவற்றுக்கு இல்லை. அச்சில் சிந்தியது அத்தனை ஒழுங்காகச் சிந்துமா?

மறுநாள் காலை, பதினாலு வருடத்தில் முதல் தடவையாக, தெரியாததைக் கேட்க ஒருவரிடம் போனாள். பாங்க் கிளார்க் முனிராஜ் பேப்பரை வாங்கிப் பார்த்தார்.

"இந்த ரெண்டு எழுத்து போனஸுக்குப் போடறதுங்க நர்சம்மா. இருக்கற ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு சும்மா குடுத்திருக்காங்க. ஒண்ணு ரெண்டாச்சு, அதனால விலை பாதி. உங்க நூறு இப்ப இருநூறு."

"புதுசு நூறு எங்க இருக்குதுங்க?"

"உங்க வூட்டுக்கே வந்துருக்குமே. கம்பெனியோட மெட்ராஸ் ஆபீஸ்லேர்ந்து ரிஜிஸ்டர் தபால்லதான் அனுப்புவாங்க."

மாதையன் கொண்டுவந்த மெட்ராஸ் தபால் இசபெல்லாவுக்கு நினைவு வந்தது. ஊரில் எத்தனை பிள்ளையைத் தன் கையில் ஏந்தியிருக்கிறாள்! வாசலுக்கு வந்த தன் பிள்ளையை நிமிர்ந்தும் பார்க்காமல் விரட்டிவிட்டாளே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கிருந்து மஞ்சள் மண்டிக்கு ஓடிய ஓட்டத்தைப் பாப்பிரெட்டிப்பட்டி அதற்கு முன் பார்த்ததில்லை. நர்சம்மா ஓடினால் யாருக்கோ வலி என்று பொருள், அதனால் எல்லோரும் வழி விட்டார்கள்.

மாதேஸ்வரன் எழுந்து நின்றார். "நீங்க சொல்லிட்டுப் போன நாலாம் நாளே காரிமங்கலத்துக்காரர் ஒருத்தர் வந்தாருங்க. சிமெண்ட் கடை வெக்கறாராம். அட்வான்ஸ் வாங்கி அக்ரிமெண்டும் போட்டாச்சு. ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா..."

அவர் மேல் தப்பில்லை. வாக்கைத் திருப்பிக் கொடுத்தது அவள்தான்.

கம்பெனிக்குக் கடிதம் போட்டு, அந்த உறை இரண்டாம் தடவை வந்துசேர மே மாதம் ஆயிற்று. அதற்குள் ஒன்பதாவது வாடகை வீட்டுக்குச் சாமான் ஏற்றியாகிவிட்டது. புது வீட்டில் சின்னப்பன் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். இசபெல்லா புதிய எடை அட்டை ஒன்றை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். போனஸுக்கு முந்திய விலையை எல்லாம் பாதியாக்கிப் போட்டால்தான் பழையதும் புதியதும் ஒன்றோடொன்று ஒத்துவரும் என்று முனிராஜ் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அப்ப நாம பாத்த தொண்ணூத்திரண்டு பொய்யா?" என்றான் சின்னப்பன்.

"பொய்யில்லீங்க. இன்னைக்குக் கணக்குல அது நாப்பத்தாறு."

பதினாலு ஏழாயிற்று, எண்பது நாற்பதாயிற்று. ஒவ்வொரு புள்ளியாக வைத்துக் கோட்டை இழுத்து முடித்து அவனிடம் நீட்டினாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான். எங்குமே பள்ளம் இல்லை.

"நீ அழுத வாரம் எது?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். மண்டிக்குப் போய் மனை வேண்டாம் என்று சொன்ன அந்த வாரத்தில் கோடு ஒரு ரூபாய் ஏறியிருந்தது.