கோபன்ஹேகனில் என் மனைவி சாப்பிட்ட மீன்

காலை 10.20. நோர்ரபோர்ட் மெட்ரோ நிலையத்தின் படியேறி வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. ஆனால் அந்த வெயிலில் சூடு இல்லை. மே மாதம், ஒன்பது டிகிரி. சேலையூரில் இந்த நேரத்துக்கு மாடித் தரையில் கால் வைக்க முடியாது. நான் ஸ்வெட்டருக்கு மேல் மகனுடைய கோட்டையும் போட்டுக்கொண்டு, கையைப் பையிலிருந்து எடுக்காமல் நின்றேன். என் மனைவி ஸ்டெல்லா புடவைக்கு மேல் ஒரு சால்வையோடு சாதாரணமாக நின்றாள்.

மகன் அருண் கோபன்ஹேகனுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் வீடு இருக்கும் அமாகர்புரோவிலிருந்து இங்கே மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம். ஓட்டுநர் இல்லாத ரயில். தாம்பரத்திலிருந்து முப்பது வருடம் மின்சார ரயிலில் பாரிமுனைக்குப் போய் வங்கி வேலை பார்த்தவன் நான். முன் கண்ணாடி வழியே ஆளில்லாத சுரங்கத்தைப் பார்த்தபோது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நான் அதிர்ந்தவற்றில் ஆகச் சிறியது அதுதான் என்று அப்போது தெரியாது.

எங்களுக்காக அருண் ‘உணவு நடை’ ஒன்றுக்குப் பதிவு செய்திருந்தான். வழிகாட்டி ஒருவர் நகரத்தின் பழைய பகுதியில் இரண்டரை கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போவார். வழியில் ஐந்து இடங்களில் உள்ளூர்ச் சாப்பாடு. ஆளுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது குரோனர், நம் பணத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். “உருளைக்கிழங்கு சாப்பிடறதுக்கா இவ்வளவு?” என்று கேட்டேன். “போய்ட்டு வாங்கப்பா” என்றான்.

உருளைக்கிழங்கு என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் முட்டைகூடக் கிடையாது. ஸ்டெல்லா கூடுவாஞ்சேரியைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், கணக்கு ஆசிரியை. இருபத்தேழு வருடத்துக்கு முன் இரண்டு வீட்டையும் எதிர்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவள் அசைவத்தை விட்டுவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளாகவே விட்டாள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. சென்னையிலிருந்து வந்த விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொன்னேன். ஸ்டெல்லா அப்போது ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

10.45. டோர்வஹாலர்ன சந்தை. கண்ணாடியால் கட்டிய இரண்டு நீளக் கூடங்கள், நடுவே காய்கறி, பூக்கடைகள். வழிகாட்டியின் பெயர் கிர்ஸ்டன். அறுபது வயதிருக்கும், சிவப்புத் தொப்பி, சைக்கிளில் வந்து இறங்கினார். எங்களோடு கனடாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, ஸ்பெயின் நாட்டுத் தோழிகள் இருவர். கிர்ஸ்டன் கைபேசியைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார்.

“சுந்தரேசன், வெஜிடேரியன். ஸ்டெல்லா, எவ்ரிதிங்.”

நான் சிரித்துக்கொண்டே திருத்தினேன். தவறாகப் பதிவாகியிருக்கிறது, நாங்கள் இருவருமே சைவம் என்றேன். கிர்ஸ்டன் என்னைப் பார்க்காமல் ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

“நோ, நோ. இட் இஸ் கரெக்ட். எவ்ரிதிங்” என்றாள் ஸ்டெல்லா. பிறகு என்னிடம் திரும்பித் தமிழில், குரலை உயர்த்தாமல், “அவங்க படிச்சது சரிதாங்க” என்றாள்.

ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தேன். வெளிநாட்டுக்கு வந்த இடத்தில் ஒருநாள் ருசி பார்க்க ஆசைப்படுகிறாள், போகட்டும் என்று மனதைப் பெரிதாக்கிக்கொண்டேன். முதலில் பாலாடைக்கட்டி கொடுத்தார்கள். பழைய சாக்ஸ் வாசனை. கறுப்பு ரொட்டி என்று ஒன்று. கம்பு அடைபோல் கனம், ஈரச் செங்கல் நிறம். அதை விழுங்கிக்கொண்டிருந்தபோது மீன் கடைக்கு வந்துவிட்டோம்.

புகையில் வாட்டிய முழு ஹெர்ரிங் மீன், தலையும் வாலுமாக, தங்க நிறத் தோலோடு. “நம்ம மத்தி மாதிரியே இருக்கு. கொஞ்சம் பெருசு” என்றாள் ஸ்டெல்லா. முள்ளை எப்படி எடுப்பது என்று கிர்ஸ்டன் விளக்க ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் ஸ்டெல்லா கட்டை விரலை முதுகு வழியாக ஓட்டி, மீனை இரண்டாகப் பிளந்து, தலையோடு நடுமுள்ளை அப்படியே தூக்கிவிட்டாள். ஒரு நூல் சதைகூட முள்ளில் ஒட்டவில்லை. கனடாக்காரப் பெண்மணி கைதட்டினார்.

இருபத்தேழு வருடமாகக் கத்தரிக்காயும் வாழைப்பூவும் நறுக்கும் கை. அந்தக் கைக்கு இது எப்படி மறக்காமல் இருக்கிறது?

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

அவள் மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “அருண் ஒண்ணாவது படிக்கறப்போலேர்ந்து.”

இருபது வருடம்.

11.40. சந்தையிலிருந்து கீப்மேயர்காட என்ற கடைத்தெருவுக்குள் நடந்தோம். அடுத்தது ஒரு ரொட்டிக்கடை. உள்ளே எல்லோரும் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி தின்றுகொண்டிருக்க, வாசலில் தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தாய் உள்ளே காபி குடிக்கிறாளாம். வேறொரு நாளாக இருந்தால் அந்தக் காட்சியே எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். அன்று பார்த்தேன், தாண்டிப் போனேன்.

நடக்க நடக்கக் கேட்டேன். அவளும் மறைக்காமல் சொன்னாள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஆசிரியர் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போவாளே, அது கூட்டமே இல்லை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஸ்கூட்டரில் பனையூர்க் குப்பத்துக்குப் போகிறாள். அங்கே அஞ்சலை என்று ஒரு மீன்காரம்மா. அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, குளித்து, உடை மாற்றிக்கொண்டு நான்கு மணிக்கு வீடு திரும்புகிறாள்.

“குளிச்சா?”

“வாடை வருமில்ல. அவ வீட்ல எனக்குன்னு ஒரு நைட்டி இருக்கு, ஒரு சோப்பு டப்பா இருக்கு.”

நைட்டி என்ற சொல் என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டது. பின்னால் சைக்கிள் மணி அடித்தது. ஸ்பெயின்காரப் பெண் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். என் மனைவிக்கு எனக்குத் தெரியாத ஒரு வீட்டில் கொடியில் ஒரு நைட்டி காய்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு கடைசி வெள்ளிக்கிழமையும், ‘நாளைக்குக் கூட்டம் இருக்குமே’ என்று அவள் வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வைத்தவன் நான்.

12.15. வட்டக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடை. நீள ரொட்டிக்குள் சாசேஜ், மேலே வறுத்த வெங்காயம், இனிப்பு வெள்ளரி ஊறுகாய். எனக்கு மட்டும் காய்கறியில் செய்தது. அதை அப்படியே பிடித்தபடி அருணை அழைத்தேன்.

“அந்த ஃபார்ம்ல அம்மாவுக்கு என்னடா எழுதின?”

“அம்மாதாம்பா அப்படி எழுதச் சொன்னாங்க.”

“உனக்குத் தெரியுமா?”

“சின்ன வயசுலேர்ந்து தெரியும். நானும் ஸ்கூட்டர்ல போயிருக்கேன்ப்பா. அஞ்சலை ஆன்ட்டி எறா வறுத்துத் தருவாங்க.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“நீங்க கேட்டா என்ன பண்ணுவீங்கன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியலப்பா.”

நான் வீட்டில் கத்துகிறவன் இல்லை. கை ஓங்கியதில்லை. என் பிள்ளை என்னைப் பற்றி இப்படிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கோபம்தான் வந்தது. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் சாசேஜ் ஆறிப்போயிருந்தது.

1.00. காமல் ஸ்ட்ரான்ட். கால்வாய்க் கரை. சுற்றுலாப் படகுகள் பாலத்தை உரசுவதுபோல் குனிந்து நுழைகின்றன. ஒரு காலத்தில் இதுதான் நகரத்தின் மீன் சந்தை என்றார் கிர்ஸ்டன். கடலோரக் கிராமங்களிலிருந்து பெண்கள் கூடையில் மீன் சுமந்து நடந்து வந்து இங்கே விற்பார்களாம். அவர்கள் நினைவாக ஒரு கற்சிலை நிற்கிறது: தலையில் முக்காடு, இடுப்பில் ஏப்ரன், கையில் ஒரு மீன், அகலமான முகம்.

ஸ்டெல்லா அந்தச் சிலை எதிரில் வெகுநேரம் நின்றாள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்த பின், அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

“அஞ்சலை அப்போ நம்ம தெருவுக்குக் கூடை எடுத்துக்கிட்டு வருவா. எதிர் வீட்ல வாங்குவாங்க. நான் கேட்ல நின்னு பார்ப்பேன். ஒருநாள் அவளே கேட்டா. ‘இன்னாமா, தெனமும் வந்து பாத்துகினு நிக்கிற, வாங்கவும் மாட்டேன்ற’ன்னு. எங்க வீட்ல சேர்க்க மாட்டாங்கன்னு சொன்னேன். ‘அவ்ளோதானே, எங்க வூட்டுக்கு வா, நான் ஆக்கிப் போடறேன்’னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

“சேர்க்க மாட்டேன்னு நான் எப்போ சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?” என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “சொல்லல. கல்யாணமான வருஷம் எங்கம்மா ஒரு டப்பாவில மீன் குழம்பு கொண்டாந்தாங்களே, ஞாபகம் இருக்கா?”

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து திரும்புகிறேன். வாசலிலேயே வாடை. சமையல் மேடையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதைப் பேப்பரில் பிடித்து எடுத்துப்போய்ப் பின்பக்கச் சுவர்மேல் வைத்தேன். காக்காய் வந்தது. பிறகு பினாயில் ஊற்றி வீடு முழுவதும் கழுவினேன். இரண்டு நாள் ஓட்டலில் சாப்பிட்டேன். உண்மைதான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அம்மா அப்போ ரூமுக்குள்ள உக்காந்திருந்தாங்க” என்றாள் ஸ்டெல்லா.

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. போகும்போது டப்பா எங்கன்னு மட்டும் கேட்டாங்க.” சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அதுக்கப்புறம் சாகற வரைக்கும் நம்ம வீட்ல தண்ணிகூடக் குடிக்கல. நீங்க கவனிச்சீங்களா?”

அவர் எப்போது வந்தாலும் ‘ட்ரெயினுக்கு நேரமாச்சு மாப்ளே’ என்று நின்றபடியே கிளம்பிவிடுவார். கூடுவாஞ்சேரிக்குக் கால் மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது, இந்த அம்மாவுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று நான் வேடிக்கையாகப் பேசியதுண்டு. பதினான்கு வருடம் பேசினேன். பிறகு அவர் இறந்துபோனார்.

கால்வாய்க் கரையின் கல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். கிர்ஸ்டன் ஓடி வந்து உடம்புக்கு என்ன, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஸ்டெல்லாதான் ஒன்றுமில்லை, குளிர் என்று சொல்லிச் சமாளித்தாள்.

1.40. நீஹவுன். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் துறைமுக வீடுகள். எல்லாப் படத்திலும் வருகிற இடம். கடைசிச் சாப்பாடு ஒரு உணவகத்தில். மேலே மூடாமல் பதார்த்தங்களை அடுக்கிய ரொட்டித் துண்டைக் கத்தியும் முள்கரண்டியும் வைத்து அறுத்துச் சாப்பிட வேண்டுமாம். எனக்கு உருளைக்கிழங்கும் வெங்காயத்தாளும் வைத்து வந்தது. அவளுக்கு வறுத்த மீனும் சிறு இறாலும். அவள் ரசித்துச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் புருவம் கொஞ்சம் மேலே போனது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் புருவத்தை நான் பார்த்த நினைவில்லை. கிர்ஸ்டன் எல்லோருக்கும் ஒரு கறுப்பு மிட்டாய் கொடுத்து விடைபெற்றார். உப்பும் மருந்து நெடியும். நான் காகிதத்தில் துப்பினேன்.

மற்றவர்கள் போனபின் படகுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ‘மன்னிச்சுடு’ என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வேறொன்றைச் சொன்னேன்.

“இனிமே நீ ஒளிஞ்சு போக வேணாம். நம்ம வீட்லயே செஞ்சுக்கோ. தனி அடுப்பு, தனிப் பாத்திரம், எல்லாம் வாங்கித் தரேன்.”

பெரிய மனதோடு சொல்வதாகத்தான் எனக்கு எண்ணம். அவள் தலையை ஆட்டினாள்.

“வேணாங்க. ஒரு மூலையில தனி அடுப்பு வெச்சு நான் சமைக்க, நீங்க ஜன்னலத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க, அந்தச் சாப்பாடு எனக்கு இறங்காது. அஞ்சலை வீட்ல நான் தரையில உக்காந்து, பேசிக்கிட்டே ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிடுவேன். அத விட முடியாது.”

“அப்ப எதுக்கு இப்ப எனக்குத் தெரியணும்னு ஃபார்ம்ல எழுத வெச்ச?”

“அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகறேன்” என்றாள். “அப்புறம் எந்தக் கூட்டம்னு சொல்லிட்டுப் போறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. அவள் என் பக்கம் பார்க்காமல் கைக்குட்டையை நீட்டினாள். “அம்மாகிட்ட நான் பண்ணது...” என்று ஆரம்பித்தேன். “தெரியுதில்ல, போதும்” என்றாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவளும் ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பின் ஐந்து நாள் அந்த ஊரில் இருந்தோம். அரண்மனை பார்த்தோம், கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தோம். கேட்கிறவர்களுக்கு அவற்றைப் பற்றியெல்லாம் சொல்கிறேன். நகரம் அழகானதுதான், சுத்தம், ஒழுங்கு, ஹாரன் சத்தமே இல்லை. மீனம்பாக்கத்தில் இறங்கிக் காரில் ஏறிய ஐந்தாவது நிமிடம் ஜி.எஸ்.டி. சாலை தன் மொத்தச் சத்தத்தோடும் அனலோடும் எங்களைச் சூழ்ந்துகொண்டது. ஆனால் இரண்டு ஊரையும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. நான் அங்கே பார்த்தது பெரும்பாலும் என் வீட்டைத்தான்.

ஊர் திரும்பியபின் வந்த முதல் மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை 11.00. ஸ்டெல்லா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். எனக்குச் சோறும் வத்தக்குழம்பும் செய்து மூடி வைத்திருந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

“அஞ்சலை வீட்டுக்குப் போறேன். மீன் சாப்பிட்டுட்டு வர நாலு மணி ஆகும்.”

“சரி” என்றேன். “சோழிங்கநல்லூர் சிக்னல்ல பாத்துப் போ.”

வண்டி தெருமுனை திரும்பும் வரை கேட்டில் நின்றேன். இருபது வருடத்தில், என் மனைவி எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிந்த முதல் சனிக்கிழமை அது.