ஜெனரேற்றர் மாற்றிய மத்தியானம்

பேய் என்றதும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர்கள் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளட்டும். இது நடந்தது. 2025 ஓகஸ்ட் 13, புதன்கிழமை, இத்தாலியின் பலெர்மோவில், பட்டப்பகலில். நடந்தது உமாசுதனுக்கு. பேய்க்குப் பயந்தவனைக் கண்டால் காறித் துப்புகிற ஆள் அவன்.

லிபெர்த்தாத் தெருவில் பணக்காரச் சிஞ்ஞோரா அம்மா ஒருத்தியின் வீட்டில் அவனுக்கு நாலு வருட வேலை. தனக்கு வேண்டாததை எல்லாம் வேலைக்காரனுக்குப் பரிசு என்று தள்ளிவிடுவது அந்த அம்மாவின் தாராள மனசு. அப்படிக் கிடைத்ததுதான் வளவுக்குள் உக்கிக்கொண்டிருந்த கேம்பர். பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு பெட்டி வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஏசி. கட்டிலுக்குக் கீழே ஒரு சிறு அறையில் செத்துப்போன ஜெனரேற்றர். பதினைந்தாம் திகதி விடுமுறைக்கு மனைவி றஜிதாவையும் மூன்று வயது மகளையும் கடற்கரைக்குக் கொண்டுபோய் அதற்குள் படுக்கவைப்பதாகச் சொல்லியிருந்தான். அந்த வெக்கைக்கு ஏசி வேண்டும். ஏசிக்கு ஜெனரேற்றர் வேண்டும்.

போர்கோ வெக்கியோவில் வாகனம் திருத்துகிற அந்தோனிமுத்து முதலே சொன்னான்.

"மச்சான், உள்ளுக்கை பூட்டிறதெண்டால் அதுக்கெண்டு செய்ததை எடு. அது புகையைக் குழாயாலை வெளியிலை விடும். சந்தைக்காரர் தூக்கித் திரியிற சாமானைப் பூட்டினாயெண்டால், புகை கட்டிலுக்குத்தான் வரும்."

"ரண்டு காருக்கு எண்ணெய் மாத்தினவுடனை நீ எஞ்சினியரோ? போடா."

பல்லரோச் சந்தையில் மீன்காரன் ஒருவன் பாவித்துக் கழித்ததையே உமாசுதன் கொண்டுவந்தான்.

மத்தியானம் 1.50. தெரு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு உறக்கம். பழைய ஜெனரேற்றரை இழுத்து வெளியே போட்டான். அதற்குப் பின்னால், கட்டில் பக்கம் போகிற வெடிப்புக்குள் ஏதோ துணி அடைத்திருந்தது. இழுத்தான். நீலக்கோடு போட்ட சாரம். எங்கள் ஆட்கள் கட்டுகிற அதே சாரம்.

"காசுக்காரருக்கு இதுவும் ஒரு பாஷன்," என்று குப்பைப் பைக்குள் எறிந்தான்.

2.10. சந்தையில் வாங்கியதைப் பொருத்தி, இயக்கி, அறைக் கதவைப் பூட்டிச் சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான்.

2.14. உள்ளே வந்து கதவைச் சாத்தினான். ஏசி குளிர்ந்தது. அந்தோனியை நினைத்துச் சிரித்தபடி கட்டிலில் சரிந்தான்.

தலையணை சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழும்பிப் போனது மாதிரி…

2.22. டொக்.

கொஞ்சம் பொறுத்து… டொக். டொக்.

அந்தோனி நக்கலடிக்க வந்துவிட்டான் என்று எழும்பினான். தலை கல்லாகக் கனத்தது. கதவின் கைபிடி அசையவில்லை.

"அந்தோனி, கதவைத் திறவடா!"

"ஓம்… வாறன்."

பணிவான குரல். ஒருவரும் வரவில்லை.

"விசரா, பகிடி விடாதை! திற!"

"ஓம்… வாறன்…"

இந்த முறை வெளியிலிருந்து அல்ல.

கட்டிலுக்குக் கீழே இருந்து.

கால் மடிந்தது. விழுந்தான்.

ஜெனரேற்றர் நின்றது.

கதவு… தானாகத் திறந்தது.

வெளியே வெயில் மட்டும்.

2.41க்கு அந்தோனிமுத்து வந்தபோது உமாசுதன் புல்லில் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீதானே 'ஓம் வாறன்' எண்டது?"

"நான் இப்பதான் பஸ்ஸாலை இறங்கி வாறன். என்னடா, நஞ்சைக் குடிச்சனியோ?"

சாவியை வாங்கி அறையைத் திறந்தான் அந்தோனி. ஜெனரேற்றரின் பெற்றோல் வால்வு இறுக்கி மூடப்பட்டிருந்தது.

"ஆர் இதை மூடினது?"

சாவி பூட்டின நேரம் முதல் தன் பைக்குள்தான் கிடந்தது என்றான் உமாசுதன். றஜிதாவும் பிள்ளையும் அந்தக் கேம்பரில் ஏறவேயில்லை.

பக்கத்துக் கட்டடக் காவலாளிதான் பிறகு சொன்னான். உமாசுதனுக்கு முதல் அந்த வேலையைப் பார்த்தவனும் தமிழன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லாதவன். வேலைக்காரன் வீட்டுக்குள் படுப்பது சிஞ்ஞோராவுக்குப் பிடிக்காததால், கேம்பரில் படுத்தான். ஓகஸ்ட் மாதம், ஜெனரேற்றர் புகையில் மூச்சடைத்துச் செத்துப்போனான். 2020இல்.

உமாசுதன் நேரே போய்க் கேட்டான். சிஞ்ஞோரா கோப்பியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"ஆ, அவனா? நல்ல பையன். பெயரும் வடிவு."

முதல் நாள் அவள் பெயரைக் கேட்டிருக்கிறாள்: "கோமே தி கியாமி?" அவனுக்குத் தெரிந்த இத்தாலியன் நாலு சொல். அதில் ஒன்று "கியாமா", கூப்பிடுகிறாள் என்று அர்த்தம். தன்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் தமிழில் மறுமொழி சொல்லியிருக்கிறான். அதையே பெயர் என்று எடுத்து, இரண்டு வருடம் வீடு முழுக்க அப்படியே கூப்பிட்டிருக்கிறது. அவனும் திருத்தவில்லை. கூப்பிட்டால் வேறு என்ன சொல்லுவான்?

மயானத்தில் ஒரு சீமெந்துப் பலகையில் இத்தாலிய எழுத்தில் அது இருக்கிறது: ஓம்வாறன்.

அந்தப் பெயரில் ஊரில் எவரும் பிறக்கவில்லை. அதனால் எந்த வீட்டுக்கும் சாவுச்செய்தி போகவில்லை.