ஊற்றக்கூடாத பாத்தி

பின்லாந்தில் மழை பெய்தால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. குடையை விரித்துக்கொண்டு பேருந்துக்கு நிற்கிறார்கள். எங்கள் காரமடையில் நாலு தூறல் விழுந்தாலே கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார். வந்து எட்டு மாதமாகியும் நான் இன்னும் அண்ணாந்துதான் பார்க்கிறேன். ஊரில் இருப்பவர்களே, எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எண்ண வேண்டாம். என் பிழைப்பே ஒரு பாத்திக்குத் தண்ணீர் கிடைக்காமல் இருப்பதை நம்பித்தான் இருந்தது.

மர ஆராய்ச்சி என் வேலை. காரமடைக்கு வெளியே ஒரு கரட்டு நிலத்தில் கொடுமுடி, கோபி என்று பல ஊர் வேப்பங்கன்றுகளை நட்டிருந்தேன். பாதிக்குத் தண்ணீர், பாதிக்கு வானமே துணை. எந்த ஊர் வேம்பு வறட்சி தாங்கும் என்று தெரிந்தால் மானாவாரி நிலத்துக்கெல்லாம் அதையே நடலாம். அந்தக் கணக்கை வைத்துத்தான் இங்கே பயிற்சிக்கு இடம் கிடைத்தது, பட்டமும் அதை நம்பித்தான். கிளம்பும்போது, காவலுக்கு இருந்த ராமாத்தாள் அக்காவிடம் நடுவில் எல்லைக்கு நட்டிருந்த சிவப்புக் கல்லைக் காட்டி, “இதுக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு ஊத்தக்கூடாதுங்கக்கா” என்று மூன்று தடவை சொன்னேன். “செரிங்க சார்” என்றார்.

போன மாதம் நண்பன் அளவெடுத்து அனுப்பினான். வறண்ட பாத்தியில் ஒரு கன்றுகூடச் சாகவில்லை. தலைகால் புரியாமல் இங்கே ஆய்வுக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன், கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் காரமடை ஆபீசுக்குப் போன் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னேன்.

“எப்படிங்கக்கா அத்தனையும் பொழச்சுது?”

“ஏனுங்க சார், கண்ணு முன்னால வாடறதப் பாத்துட்டு எப்படிங்க சோறு திங்கறது? தெனமும் பொழுதோட ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொம்பு ஊத்திப்போட்டுத்தானுங்க ஊட்டுக்குப் போவேன்.”

“எம் பொழப்பையே கெடுத்துப்போட்டீங்களே!” என்று கத்திவிட்டேன்.

“செடியத்தானுங்க காப்பாத்துனேன்” என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கும்தான்.

இங்கே எனக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம் மறைக்க முடியவில்லை.

“அந்த அம்மாவுக்கு உத்தரவு புரியவில்லையா?” என்றார்.

“நன்றாகப் புரிந்தது. மனசு கேட்கவில்லை.”

அவர் குறிப்பேட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘உத்தரவு புரியவில்லை’ என்றுதான் இருந்தது.

கடைசியாக ஒரு வழி விட்டார். வரும்போது அதே ஊர்களிலிருந்து நான் கையோடு கொண்டுவந்த வேப்பங்கன்றுகளை வைத்து, செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். இதுவும் கெட்டால் ஊருக்கு டிக்கெட், பட்டமில்லாமல். ஆண்டவனே, இந்த முறை காவலும் நானே.

தண்ணீரை நிறுத்தி இன்றோடு இருபது நாள். வெளியே மழை கண்ணாடிக் கூரையில் கொட்டுகிறது, உள்ளே என் தொட்டிகளில் மண் வெடித்துக் கிடக்கிறது. காலையில் சொம்பை நிரப்பிவிட்டேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, தொட்டியில் ஊற்றாமல் கழுவும் இடத்தில் கொட்டினேன். முதலில் கருகியது கொடுமுடிக் கன்று. தேதி போட்டு எழுதிக்கொண்டேன். என் வேலை பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. ராமாத்தாள் அக்கா முகத்தில் மட்டும் இனி எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.