செயற்கைக்கோளுக்குப் பிடித்த தோட்டம்

செயற்கைக்கோள் படம் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு முதல் எதிரி மேகம். இரண்டாவது எதிரி, தான் போட்ட வரைபடத்தைத் தானே நம்பிவிடுவது. இந்தத் தொழிலில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சிவப்பு

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். பாதிக்கப்பட்ட தோட்டங்களை வரைபடத்தில் காட்டச் சொல்லி என்னைக் குன்னூர் அலுவலகத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அதில் 'பாதிப்பு' என்று வந்தால்தான் உதவிப் பட்டியலில் பெயர். தேவர்சோலையிலிருந்து பழனிச்சாமி என்பவர் பஸ் ஏறி வந்தார். இரண்டு ஏக்கர் தேயிலைக்காரர். உதவி கிடைக்காவிட்டால் தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்.

திரையில் மலை முழுக்கச் சிவப்பாக இருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியைப் பச்சை இலை அதிகமாகத் திருப்பி அனுப்பும், அதைத்தான் சிவப்பாகக் காட்டுகிறோம், சிவப்பு என்றால் செழிப்பு என்று விளக்கினேன்.

"அப்ப எங்க தோட்டம் வெளுப்பா வரோணும்னு சாமிய கும்பிட்டுக்கறேனுங்க" என்றார்.

பெயர் வைத்தது

ஒரே மலையை ஏழு விதமான ஒளியில் எடுத்த படங்கள். ஏழையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒத்துப்போகும் புள்ளிகளைக் கணினி கூட்டம் கூட்டமாகப் பிரித்துவிடும். கூட்டத்துக்குப் பெயர் வைப்பது நான். இலை அடர்த்தியாகத் தெரிந்த கூட்டத்துக்கு 'நல்ல நிலை' என்று வைத்தேன். நேரில் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். மழை, மண்சரிவு, ஜீப் இல்லை என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

பக்கத்து மேசை சரோஜா அக்கா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, நல்ல நிலைன்னு படம் சொல்லுச்சுங்களா, நீங்க சொன்னீங்களா?"

ஆளுயரச் செடி

பட்டியலில் பழனிச்சாமி பெயர் இல்லை. மனசு கேட்காமல் தேவர்சோலைக்குப் போனேன். பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாததால் அவர் ஒன்றரை வருஷமாக இலையே பறிக்கவில்லை, கிளைகளை வெட்டிக் குறைக்கிற கவாத்தும் செய்யவில்லை. இடுப்பளவில் நிற்க வேண்டிய செடிகள் ஆளுயரம் வளர்ந்திருந்தன. பறிக்காத அத்தனை இலையும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைவிட்ட தோட்டத்துக்குத்தான் நான் முதல் மார்க் போட்டிருந்தேன். அன்று அலுவலகத்தில், இலை பறிக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தேன். பட்டியல் மேலே போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்ல மறுபடி போனபோது பழனிச்சாமி வீட்டுச் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"உடுங்க சார். இந்த ரெண்டு வருசத்துல எங்க தோட்டம் நல்லா இருக்குதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தானுங்க."

இப்போதும் புதுப் படம் வந்தால் என் கை முதலில் அந்த இரண்டு ஏக்கரைத்தான் தேடுகிறது; மேகமில்லாத நாட்களில் அந்தப் பக்கத்திலேயே அதுதான் நல்ல சிவப்பு.