வெள்ளையம்மாளின் சொம்பு

வெள்ளையம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்தப் பாத்திரம் எந்த வீட்டுடையது என்பதை, அதில் வெட்டிய பேரை விரலால் தடவியே சொல்லிவிடுவாள். கீழ்பென்னாத்தூரில் புருஷன் செத்த பிறகு திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் ரோட்டில் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அவளுடைய சொந்தப் பித்தளைச் சொம்பில் மட்டும் பேர் இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம், அந்த நாலில் ஒரு வீட்டு மாடியில் பிரான்ஸிலிருந்து வந்த பெண் ஓவியர் ஒருவர் குடியிருந்தார். பி.ஏ. முடித்துச் சும்மா இருந்த நான், அவர் இங்கிலீஷில் பேசுவதைத் தமிழில் சொல்லப் போவேன். இருநூறு வருஷத்துக்கு முன் அவர் நாட்டில் வரைந்த படங்களின் புத்தகம் ஒன்றைக் காட்டினார். ராணிகள் இல்லை. துணி வெளுப்பவள், கிழங்கு சீவுபவள், செப்புப் பானை தேய்ப்பவள். அதேபோல் வெள்ளையம்மாளை வரைய வேண்டுமாம்.

வெள்ளையம்மாள் பானைக்காரியை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒழுங்காத்தான் தேய்க்கறா. இவ பேரு இன்னா தம்பி?"

"பேர் போடலக்கா. சமையலறை வேலைக்காரின்னு போட்டிருக்கு."

"அட, சொம்புலகூட பேரு வெட்டி வெக்கறாங்க!" சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள். "என் படத்துல என் பேரப் போடச் சொல்லு. போட்டாத்தான் குந்துவேன்."

என்ன சொல்கிறாள் என்று ஓவியர் கேட்டார். பாத்திரம் தேய்ப்பவள் நிபந்தனை போடுகிறாள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாக உட்காருவாளாம் என்றேன். அவளிடம், "போடறாங்களாம்க்கா" என்றேன். என் அம்மாவும் மல்லாட்டைக் காட்டில் கடலைச் செடிக்கு நடுவே களையெடுக்கிறவள்தான். பிறகு அந்தக் கூச்சம் எனக்கு எங்கிருந்து வந்தது?

வெள்ளையம்மாள் தேய்க்காமலே பானையைப் பிடித்தபடி ஐந்து நாள் குந்தியிருந்தாள். அதற்குள் இரண்டு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

மறு வருஷம், ஊர் திரும்பிய ஓவியரிடமிருந்து அந்தப் படத்தை அச்சடித்த அட்டை அவளுக்குத் தபாலில் வந்தது. அடியில் ஒரு வரி. புத்தகத்தில் பானைக்காரிக்குக் கீழே இருந்த அதே வார்த்தைகள்.

"என் பேரு இத்தினி நீளமா?"

"அவங்க பாஷைல அப்படித்தான் வரும்க்கா."

அடுத்த வாரம் சொம்போடு வந்து நின்றாள். பாத்திரக்கடையில் பேர் வெட்டும் மஸ்தான் பாயிடம் அட்டையைக் காட்டி, அந்த வரியை அப்படியே வெட்டி வாங்கியிருந்தாள்.

"'இன்னா வெள்ளையம்மா, சீமைக்குப் போறியா'ன்னு பாய் கேலி பண்றாரு. நல்லா வந்திருக்கா பாரு."

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. "நல்லா வந்திருக்குக்கா" என்றேன்.

எண்பத்து நாலில் வெள்ளையம்மாள் காய்ச்சலில் செத்தாள். சாமான்களை எடுக்கத் தங்கை மகள் சந்திரகலா வந்தாள், பத்தாவது படிக்கிறவள். சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"அது உங்க பெரியம்மாவோடதும்மா" என்றேன்.

"இல்லண்ணா, வேலை செஞ்ச வீட்டுதா இருக்கும். பெரியம்மா பேரு இதுல இல்லியே" என்றாள்.