புளி போட்டு மினுக்கிய விளக்கு

போன மாதம் மகளின் வகுப்போடு ஹம்பேர்க்கில் ஒரு பழைய வணிகரின் வீட்டைப் பார்க்கப் போனேன். காலனிக் காலத்தில் கறுவாவும் கோப்பியும் இறக்குமதி செய்து பெரும் பணக்காரரான ஒருவரின் வீடு. இப்போது அருங்காட்சியகம். பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு பெற்றோர் வரவேண்டும் என்று ஆசிரியை கேட்டபோது முந்திக்கொண்டு கை தூக்கியவன் நான்தான். அந்த வீட்டை இரண்டு வருடம் கூட்டித் துடைத்தவன் நான் என்பதை ஆசிரியைக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை.

வாசலில் எல்லோருக்கும் சப்பாத்துக்கு மேல் போட்டுக்கொள்ளக் கம்பளிச் செருப்புக் கொடுத்தார்கள். பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். கதவு திறந்ததும் மரத்தரைக்குப் பூசும் மெழுகின் வாசம் வந்தது. அது மூக்கில் ஏறியதும் எனக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. முழங்காலும் ஒருமுறை நொந்தது. அதற்கும் ஞாபகசக்தி இருக்கிறது போலும்.

அந்த நாளில் இந்தக் கம்பளிச் செருப்பெல்லாம் இல்லை. காலை ஆறு மணிக்கு நானும் இராசேஸ் அக்காவும் வருவோம். அக்கா என்னோடு ஒரே துப்புரவு நிறுவனத்தில் வேலை செய்தவர், சாவகச்சேரிப் பக்கம், வாய் கொஞ்சம் காரம். கண்ணாடி மாதிரி மினுங்கும் அந்தத் தரையைக் கண்ட முதல் நாளே இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டோம். வீட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஜெர்மன் அம்மாவுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. இடுப்பில் எந்நேரமும் ஒரு கோர்வை கதவுத் திறப்போடு திரிவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் திறப்பு அம்மா. உண்மைப் பெயர் வாயில் நுழையாதது ஒரு பக்கம், இந்தப் பெயர் பொருந்திப் போனது மறுபக்கம்.

திறப்பு அம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்று. தரை எங்களுடையது, யன்னல் எங்களுடையது, மேசையில் இருக்கும் பொருட்கள் எங்களுடையவை அல்ல. அவற்றில் விரல் படக்கூடாது. யானைத் தந்தத்தில் செய்த பெட்டி, கறுவாப்பட்டை நிறைந்த கண்ணாடிச் சாடி, வணிகர் சுருட்டுப் பிடித்த நாற்காலி எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றித் துடைத்தோம். சுருட்டு அறை மேசையில் ஒரு குத்துவிளக்கு நின்றது. உச்சியில் அன்னம், ஐந்து முகம், அசல் எங்கள் பக்கத்து விளக்கு. பக்கத்தில் இருந்த சிறிய அட்டையில் 'சிலோன்' என்று மட்டும் எழுதியிருந்தது. யார் வீட்டில் எரிந்தது, எப்படிக் கப்பலேறியது, ஒன்றும் இல்லை. அதனிடம் யாரும் அன்ட்ராக், அதுதான் அகதி விண்ணப்பம், கேட்கவில்லை என்று அக்காவிடம் பகிடி விடுவேன். என்னுடைய அன்ட்ராக் அப்போது மூன்றாவது வருடமாக அலுவலகத்தில் கிடந்தது. வேலை செய்கிறேன் என்று நிறுவனம் கொடுக்கும் கடிதத்தில்தான் அது தொங்கிக்கொண்டிருந்தது.

விளக்கு கன்னங்கரேலென்று இருந்தது. தினமும் அதைக் காணும்போது எனக்கு ஏதோ செய்யும். கார்த்திகை விளக்கீட்டன்று பொறுக்க முடியாமல் போய்விட்டது. ஸ்டேஷனடிக் கடையில் வாங்கிய புளியையும் ஒரு பிடி உப்பையும் பையில் கட்டிக்கொண்டு போனேன். அக்கா பார்த்தவுடன் விளங்கிக்கொண்டார்.

"தொடாதை தம்பி. இது எங்கட வேலையில்லை."

"விளக்கீட்டண்டு இப்பிடிக் கறுத்துப்போய் நிக்கலாமோ அக்கா?"

விளக்கைக் கீழே கொண்டுபோனேன். நிலவறைத் தொட்டியில் வைத்துத் தேய்த்தேன். இருபது நிமிடத்தில் விளக்கு தங்கமாகிவிட்டது. மேலே கொண்டுவந்து வைத்தபோது அக்கா தன் சால்வைத் தலைப்பால் அன்னத்தைத் துடைத்து, அந்தத் தலைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாராட்டுக் கிடைக்கும் என்று நான் உண்மையாகவே நினைத்தேன். சம்பளம் கூட்டுவார்களோ என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது. மடையன் என்றால் அப்படியொரு மடையன்.

திறப்பு அம்மா வந்தார், பார்த்தார், அந்த வணிகர் நாற்காலியிலேயே இருந்துவிட்டார். யாரையும் இருக்கவிடாத நாற்காலி அது. நூறு வருடத்துக்கு மேலாக உலோகத்தில் படிந்த நிறம், அதைத் திரும்ப வாங்க முடியாது என்று மெல்லிய குரலில் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு யார் செய்தது என்று கேட்டார்.

கண்ணுக்கு முன்னால் அந்தக் கடிதம்தான் நின்றது. அக்கா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு அடி முன்னே வந்தார். தனக்குத் தெரிந்த நாலைந்து ஜெர்மன் சொல்லில், தான்தான் செய்ததாகச் சொன்னார். நான் பேசாமல் நின்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை அக்காவை நிறுவனம் ஒரு மீன் தொழிற்சாலைக்கு மாற்றியது. இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும், குளிர் அறையில் வேலை. தொலைபேசியில் அழாத குறையாக ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு விசா இருக்குத்தானே. உனக்கு வரட்டும். இதைப் பெரிசாக் கதையாதை."

எனக்கு விசா வந்தது. திறப்பு அம்மாவிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைத்தேன். செவ்வாயும் நினைத்தேன். அவர் ஓய்வுபெற்றுப் போன நாளில் பூச்செண்டு கொடுத்தேன், அதோடு சரி.

இப்போது விளக்கு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளைத் தெரிந்தெடுத்து, அதைப் பற்றி என்ன தெரியும் என்று தாளில் எழுதவேண்டும். மகள் நேரே அந்த விளக்கின் முன்னால் போய் நின்றாள். எங்கள் சாமியறையிலும் அப்படி ஒன்று இருக்கிறதே.

"ஏனப்பா இது இவ்வளவு கறுப்பு? ஒருத்தரும் மினுக்கேல்லையோ?"

"ஒருக்கா மினுக்கினது."

"ஆர்?"

இத்தனை வருடம் கழித்து அதே கேள்வி. இந்த முறை பதிமூன்று வயதுப் பிள்ளை கேட்டது.

"நான்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எழுதட்டோ என்று கேட்டாள். எழுது, அக்காவின் பெயரையும் எழுது என்றேன். இராசேஸ்வரி என்ற பெயரை ஜெர்மன் எழுத்தில் அடக்கப் பாவம் கொஞ்சம் பாடுபட்டாள்.

அவள் எழுதும்போது நான் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். அன்னத்தின் கழுத்து மடிப்பிலாவது கொஞ்சம் மஞ்சள் மிஞ்சியிருக்குமோ என்று ஒரு ஆசை. ஒன்றும் இல்லை. விளக்கு பழையபடி கறுத்துவிட்டது. திறப்பு அம்மா எங்கே இருக்கிறாரோ, கண்டால் சந்தோஷப்படுவார். இராசேஸ் அக்கா கனடாவில் மகனோடு இருந்து, போன மாரியில் காலமாகிவிட்டார். கடைசியாகப் பேசியபோதுகூட அந்த விளக்கைப் பற்றித்தான் பேசிச் சிரித்தோம். அக்கா, அண்டைக்கு அது தங்கம் மாதிரி மினுங்கினதெல்லே என்று கேட்டால் ஓம் என்று சொல்ல இனி ஆளில்லை.