ரோபோவுக்குப் போர்த்திய பொன்னாடை

நானும் செல்வியும் செய்த ரோபோவோடு சேலம் போட்டிக்குக் கிளம்பி மொரப்பூர் ஸ்டேஷனில் நின்றோம். சத்துணவு சமைக்கும் அவள் அம்மா, பள்ளி விழாவில் தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து வந்திருந்தார். அவருக்குக் கிடைத்த ஒரே பொன்னாடை.

"தூசி படாம இதுல கொண்டு போங்க கண்ணு" என்று அவரே ரோபோவைச் சுற்றிக் கொடுத்தார்.

அரங்கில் அதை உருவியபோது படபடவென்று பொரிந்தது. என் கை மயிர் சிலிர்த்தது. பிறகு ரோபோ அசையவே இல்லை.

நடுவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். "நைலான்மா. உரசினாலே மின்சாரம் சேரும். அதுலதான் ரோபோவோட சர்க்யூட் போர்டு போயிருக்கு. போர்டு வந்த வெள்ளிக் கவர் அந்த மின்சாரத்தைத் தடுக்கும், அதுலயே வச்சிருந்தா பொழைச்சிருக்கும்."

செல்வி அழவில்லை. பொன்னாடையை நிதானமாக மடித்தாள்.

சாயங்காலம் அம்மா ஸ்டேஷனிலேயே காத்திருந்தார். தோற்றதைச் சொன்னோம்.

"தோத்தா போவுது. என் துணி உதவுச்சாடி?"

"ஒரு தூசிகூட படலம்மா" என்றாள் செல்வி.

அம்மா முகம் மலர்ந்து, அதையே மறுபடி ரோபோவுக்குப் போர்த்தினார். நாங்கள் தடுக்கவில்லை. இனி ரோபோவில் கெட்டுப்போக எதுவும் இல்லை.

இப்போதெல்லாம் போட்டிக்குப் போகும்போது புது போர்டைக் கழற்றி வெள்ளிக் கவரில் தனியாக எடுத்துப் போகிறோம். வெறும் ரோபோவை, அம்மா பார்க்க, பொன்னாடையில் சுற்றிக்கொள்கிறோம்.